தூக்குச்சட்டியில் வந்த கவுதாரி



சென்ற ஆண்டு ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஜும்ஆ முடிந்து வீடு திரும்பி உணவுக்கு அமரவிருந்த வேளையில் வாசலில் ஸலாம் கேட்டது. நம்மிடம் மூன்று ஆண்டுகளாக ஓதிவரும் 14 வயதுப் பிள்ளை நின்றிருந்தான். கையில் எவர்சில்வர் தூக்குச்சட்டி. முகத்தில் பெருநாள் காலையின் பூரிப்பு.

"ஹஜ்ரத், உம்மா குடுத்துவிட்டாங்க. கவுதாரிக் கறி. நானே வேட்டையாடுனது. மொதல்ல உங்களுக்குக் குடுத்துட்டுத்தான் நாங்க சாப்பிடணும்னு வச்சிருக்கோம்."

ஆசிரியர் தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு, ஒரு மாணவன் தன் முதல் சம்பாத்தியத்தை உஸ்தாதுக்கென்று கொண்டுவந்து நிற்பதைவிட மகிழ்ச்சி வேறு என்ன இருக்க முடியும்? ஆயினும் அன்று அந்தத் தூக்குச்சட்டியை வாங்கக் கை நீளவில்லை. அதன் காரணத்தையும், அதற்குப் பின் நாம் கற்றுக்கொண்ட பாடத்தையும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாதியில் நின்ற பாடம்

இரண்டு வாரங்களுக்கு முன்பு நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். மதரஸா மாணவன் ஒருவனின் மாமா அமெரிக்காவில் பணிபுரிகிறார். அவர் அங்கே வான்கோழி வேட்டைக்குச் சென்ற காணொளி ஒன்றைக் குடும்பத்தாருக்கு அனுப்பியிருந்தார். அது பிள்ளைகளின் கைகளில் சுற்றி வகுப்புக்குள் வந்துவிட்டது. விடியலுக்கு முன் இலைநிற உடையணிந்து ஒரு மரத்தடியில் அசையாது அமர்ந்திருக்கிறார். பெட்டையின் குரலை ஒரு சிறு கருவியால் எழுப்புகிறார். தொலைவிலிருந்து சேவல் பதில் கொடுக்கிறது. சற்று நேரத்தில் தோகையை விரித்தபடி மரங்களுக்கிடையே வந்து நிற்கிறது. பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்திருக்கிறார்கள்.

"ஹஜ்ரத், வான்கோழி ஹலாலா? வேட்டையாடுறது ஹலாலா?" என்று கேட்டார்கள்.

கேள்வி நமக்குப் பிடித்திருந்தது. கோரைப்பல் உள்ள கொடிய விலங்குகளையும் கூரிய நகங்களால் இரையைப் பற்றிக் கிழிக்கும் பறவைகளையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதையும், தானியமும் புல்லும் பூச்சியும் கொத்தித் தின்னும் வான்கோழி அவ்வகையில் சேராது என்பதையும் விளக்கினோம். அது அமெரிக்கக் கண்டத்துப் பறவை என்பதால் ஆங்கிலேயர் அதற்குத் துருக்கியின் பெயரையும், துருக்கியர் அதற்கு இந்தியாவின் பெயரையும் வைத்திருப்பதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. 1612இல் கோவாவிலிருந்து முகர்ரப் கான் கொண்டுவந்த வான்கோழியைக் கண்டு பாதுஷா ஜஹாங்கீர் வியந்து தம் நினைவுக்குறிப்பில் எழுதியதையும், அவைக்கலைஞர் மன்சூர் அதை ஓவியமாக்கியதையும் சொன்னோம்.

உற்சாகம் மேலிட, வேட்டையின் அத்தியாயத்துக்குள்ளும் நுழைந்தோம். சூரா அல்மாயிதாவின் நான்காம் வசனம் பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை அனுமதிப்பதை விளக்கினோம். அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் நாய்களையும் அம்பையும் கொண்டு வேட்டையாடுவது குறித்து நபியவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்ட செய்தியைத் தொடங்கினோம். பிஸ்மில்லாஹ் சொல்லி விடுவதன் முக்கியத்துவத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அஸர் பாங்கு ஒலித்தது. மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று கிதாபை மூடினோம்.

அந்தப் 'பிறகு' வரவேயில்லை. மறுவாரம் தேர்வு, அதற்கு அடுத்த வாரம் வேறு பாடம். ஆக, அந்தப் பிள்ளையின் மனத்தில் தங்கியவை இரண்டே செய்திகள்தாம்: வேட்டை ஹலால், பிஸ்மில்லாஹ் சொன்னால் போதும்.

வாசலில் நடந்த விசாரணை

"எதை வைத்து அடித்தாய்?" என்று கேட்டோம்.

"உண்டிவில்லு, ஹஜ்ரத். கோலிக்குண்டு போட்டு அடிச்சேன். பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்னு சொல்லித்தான் விட்டேன்."

"நீ போய் எடுக்கும்போது உயிர் இருந்ததா?"

"இல்ல. தலையில பட்டுச்சு. அப்பவே மவுத்தாயிருச்சு."

அதீ (ரலி) அவர்களின் செய்தியில் நாம் நடத்தாமல் விட்ட பகுதி இதுதான். இறகில்லாத அம்பு தன் கூர்முனையால் துளைத்துக் கொன்றதை உண்ணலாம். குறுக்குவாட்டில் மோதி, அந்த அடியின் வேகத்தால் இறந்ததை உண்ணக் கூடாது என்று நபியவர்கள் விளக்கினார்கள் (புகாரீ, முஸ்லிம்). அல்மாயிதாவின் மூன்றாம் வசனம் விலக்கும் பட்டியலில் அடிபட்டுச் செத்ததும் உண்டு. கல்லோ கோலிக்குண்டோ வெட்டுவதுமில்லை, துளைப்பதுமில்லை, மோதி நொறுக்குகிறது. அடிபட்ட பறவையை உயிரோடு எட்டிப் பிடித்து முறைப்படி அறுத்திருந்தால் உண்ணலாம். அறுப்பதற்கு முன் உயிர் போய்விட்டால், ஆயிரம் முறை பிஸ்மில்லாஹ் சொல்லியிருந்தாலும் அது செத்த பிராணியே.

இதை அவனிடம் சொன்னோம். எப்படிச் சொன்னோம் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. வகுப்பில் சட்டம் சொல்லும் அதே குரலில், "இது ஹராம். எடுத்துப் போய் மண்ணில் புதைத்துவிடு, சட்டியைக் கழுவச் சொல்" என்றோம். பிள்ளையின் முகம் சுருங்கிப்போயிற்று. ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தான்.

உள்ளேயிருந்து அனைத்தையும் கேட்டுக்கொண்டிருந்த நம் இல்லத்தார் சொன்ன சொல் நெஞ்சில் தைத்தது. "பாடத்த பாதி நடத்திட்டு, தண்டனைய மட்டும் அந்தப் புள்ளைக்கு முழுசாக் குடுத்துட்டீங்களே. அவங்க இன்னும் சாப்பிடலன்னு சொன்னானே, அது காதுல விழலையா?"

அதன் பிறகு நம்மாலும் சோற்றில் கை வைக்க முடியவில்லை. வீட்டில் ஆக்கியிருந்த மீன்குழம்பையும் சோற்றையும் அடுக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் புறப்பட்டோம்.

நாம் அறியாதிருந்தவை

மூன்றாவது தெருவிலுள்ள ஓட்டு வீடு. அவன் உம்மா கதவோரம் நின்று பேசினார். "தெரியாம செஞ்சுட்டோம், ஹஜ்ரத். குத்தமாயிருச்சா?" என்று கேட்ட அவர் குரல் நடுங்கியது.

"உங்கள் மேல் குற்றமில்லை, தங்கச்சி. அறியாமல் செய்ததை அல்லாஹ் பிடிப்பதில்லை. குற்றம் சரியாகச் சொல்லிக்கொடுக்காத நம்முடையது" என்றோம்.

பேச்சு மெல்ல நீண்டபோதுதான் உண்மை வெளிவந்தது. அவன் வாப்பா வளைகுடாவில் பணிபுரிகிறார். மூன்று மாதங்களாக அவருக்குச் சம்பளம் வரவில்லை. வீட்டில் இரண்டு தங்கைகள். சின்னவள் கறி கேட்டு அழுத நாளில்தான் பிள்ளை உண்டிவில்லை எடுத்திருக்கிறான். பதினைந்து நாள் சுபுஹு தொழுதுவிட்டு, ஊருக்குத் தெற்கேயுள்ள உடைமரக் காட்டுக்குப் போயிருக்கிறான். கவுதாரியின் குரலைப் போலவே விசிலடிக்கப் பழகியிருக்கிறான். பதினாறாம் நாள் ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரேயொரு பறவை, அதிலும் முதற்பங்கு உஸ்தாதுக்கு.

நாம் விளையாட்டென்று நினைத்தோம். அது வீட்டின் பசி. நம் மதரஸாவில் அன்றாடம் முகம் பார்க்கும் பிள்ளையின் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதை நாம் அறியாதிருந்தோம். அண்டை வீட்டார் பசித்திருப்பதைப் பற்றி எத்தனை முறை மேடையில் பேசியிருக்கிறோம்!

சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருந்தது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் வேட்டையாடுவது குற்றம். கொல்வது மட்டுமன்று; வலை விரிப்பது, கண்ணி வைப்பது, பிடிக்க முயல்வது, முட்டைகளை எடுப்பது, கூட்டைக் கலைப்பது ஆகியவையும் அச்சட்டத்தின் பார்வையில் வேட்டையே. கவுதாரியும் கொக்கும் நாரையும் அதன் பாதுகாப்புக்குள் வருபவை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், பொதுவான குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மயில் போன்ற முதல் அட்டவணை உயிரினங்களுக்குத் தண்டனை குறைந்தது மூன்று ஆண்டு. பள்ளிப் பிள்ளை என்றாலும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டியிருக்கும்.

இதைக் கேட்டதும் அந்தத் தாய் தலையில் கை வைத்து அமர்ந்துவிட்டார். "இவன் வாப்பா அங்கே கெடந்து தவிக்கிறாக. இங்கே இவன் மேல ஒரு கேஸுன்னா நான் என்ன செய்வேன், ஹஜ்ரத்?"

பிள்ளை சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தான். அவனை அருகில் அழைத்து, வகுப்பில் கேட்க வேண்டிய மன்னிப்பை அங்கே கேட்டோம்.

வேட்டை அத்தியாயம் தொடங்கும் இடம்

மறுநாள் வகுப்பில் பாடத்தை முதலிலிருந்து நடத்தினோம். இம்முறை 'வேட்டையாடலாமா' என்பதிலிருந்து தொடங்கவில்லை. 'எப்போது கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்' என்பதிலிருந்து தொடங்கினோம்.

அல்மாயிதாவில் வேட்டை பற்றிய பேச்சே கட்டுப்பாட்டோடுதான் வருகிறது. இஹ்ராமில் இருக்கும்போது கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளை வரச்செய்து, மறைவில் தனக்கு அஞ்சுபவர் யார் என்பதை அல்லாஹ் சோதிப்பதாக 94ஆம் வசனம் அறிவிக்கிறது. மீறிக் கொன்றவருக்குரிய பரிகாரத்தை அடுத்த வசனம் விதிக்கிறது. மக்காவின் புனித எல்லைக்குள்ளும் மதீனாவின் புனித எல்லைக்குள்ளும் வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாது. ஆக, ஓர் இடத்தை எல்லையிட்டு, இங்கே உயிர்களைத் தொடாதீர்கள் என்று சொல்வது நம் மார்க்கத்துக்குப் புதிதன்று. ஹலாலான ஒன்றைப் பொதுநலன் கருதி ஓர் அரசு தடுக்கும்போது அதற்குக் கட்டுப்படுவது மார்க்கத்தை விட்டுக்கொடுப்பதாகாது. செய்த உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்று அதே சூராவின் முதல் வசனம் இடும் கட்டளைக்கு இயைந்ததே ஆகும்.

பிறகு ஹதீஸ்களைப் பார்த்தோம். விரலிடுக்கில் கல்லை வைத்துச் சுண்டி எறிவதை நபியவர்கள் தடுத்தார்கள். அது வேட்டையையும் வீழ்த்தாது, எதிரியையும் காயப்படுத்தாது. பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்பதே காரணம். அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. உண்டிவில் வைத்திருந்த நான்கு பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோழியைக் கட்டிவைத்துக் குறிபார்த்து எறிந்துகொண்டிருந்த இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்டதையும், உயிருள்ள எதையும் இலக்காக்குவோரை நபியவர்கள் சபித்திருப்பதாக அவர்கள் அறிவித்ததையும் சொன்னோம். ஒரு சிட்டுக்குருவியைக்கூட அதற்குரிய உரிமையின்றிக் கொன்றவர் மறுமையில் விசாரிக்கப்படுவார்; அறுத்து உண்பதே அதற்குரிய உரிமை, தலையைத் துண்டித்து எறிவதன்று என்று நஸாயீயில் வரும் செய்தியையும் சொன்னோம்.

இறுதியாக அபூதாவூதில் வரும் செந்நிறப் பறவையின் செய்தி. பயணமொன்றில் தோழர்கள் சிலர் அதன் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்து மேலே வட்டமிட்டது. திரும்பிவந்த நபியவர்கள், இதன் பிள்ளைகளைப் பறித்து இதை வேதனைப்படுத்தியவர் யார் என்று கேட்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள்.

ஒரு மாணவன் கேட்டான்: "அப்போ அந்த அமெரிக்க மாமா செய்யறது தப்பா, ஹஜ்ரத்?"

நியாயமான கேள்வி. அன்றிரவு அவரிடமே தொலைபேசியில் பேசினோம். அவர் சொன்ன செய்திகள் காணொளியில் இல்லாதவை. துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன் பாதுகாப்பு வகுப்பில் பயின்று தேர்ச்சி பெற்றிருக்கிறார். உரிமமும் அனுமதிச்சீட்டும் வாங்கியிருக்கிறார். வசந்த காலத்தில் குறிப்பிட்ட வாரங்களில் மட்டுமே அனுமதி. எத்தனை பறவைகள் என்பதற்கும் வரம்பு உண்டு. சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களை உடுத்தக் கூடாது என்று தொடக்கத்திலேயே எச்சரிப்பார்களாம். சேவல் வான்கோழியின் தலை அந்நிறங்களில் இருப்பதால், புதருக்கு அப்பாலுள்ள வேட்டைக்காரர் மனிதரைப் பறவையென்று எண்ணிச் சுட்டுவிடக்கூடும். நூறாண்டுகளுக்கு முன் அங்கே கட்டற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் வான்கோழி அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. தடையும் கட்டுப்பாடும் மறுகுடியேற்றமும் செய்த பிறகே பல லட்சமாகப் பெருகியது. வரம்பு இருந்ததால்தான் வேட்டையும் மிஞ்சியிருக்கிறது.

அவருக்கும் ஒரு கேள்வி இருந்தது: சுட்டது செத்துவிட்டால் என்ன செய்வது? துப்பாக்கி ரவை துளைத்துக் கொன்றதன் சட்டத்தில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உயிரோடு எட்டியதை அறுத்தே ஆக வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. சந்தேகமானதை விட்டுவிடுவதே பேணுதல் என்று சொன்னோம். வேட்டைப் பின்னாலேயே அலைபவர் மறதிக்கு ஆளாகிவிடுவார் என்ற நபிமொழியையும் நினைவூட்டினோம். அவர் சிரித்துவிட்டு, "அந்தச் சீசன்ல சுபுஹு ஜமாஅத் தப்பிப்போறது உண்மைதான், ஹஜ்ரத்" என்றார்.

ஜஹாங்கீரின் கதையிலும் நாம் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்றுண்டு. அதையும் மறுநாள் வகுப்பில் சொன்னோம். வான்கோழியைக் கண்டு வியந்த அதே பாதுஷா, தம் 12ஆம் வயது முதல் ஏறத்தாழ 37 ஆண்டுகளில் தம் கையாலேயே 17,167 உயிர்களை வீழ்த்தியதாகக் கணக்கெழுதி வைத்தவர். பின்னாளில் அன்புப் பேரன் ஷுஜா நோயுற்றபோது, இனி எந்த உயிரையும் தம் கையால் துன்புறுத்துவதில்லை என்று இறைவனிடம் நேர்ந்துகொண்டார். ஓர் உயிரின் அருமை தம் வீட்டு உயிர் ஊசலாடும்போதுதான் பேரரசருக்கும் விளங்கியிருக்கிறது.

கூந்தன்குளத்துக் காலை

சட்டம் சொல்லிவிட்டால் மட்டும் பிள்ளைகளின் ஆசை அடங்கிவிடாது. காட்டில் அசையாது அமர்வது, குரலை வைத்துப் பறவையை அறிவது, விடியலுக்கு முன் எழுவது ஆகியவை நல்ல பண்புகளே. அவற்றுக்கு வேறு வழி காட்ட வேண்டும். பிப்ரவரியில் ஒரு விடுமுறை நாளில், பெற்றோரின் அனுமதியோடு பதினொரு பிள்ளைகளை வேனில் அழைத்துக்கொண்டு நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளத்துக்குச் சென்றோம்.

1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்ற குளம் அது. ஆனால் அரசின் அறிவிப்புக்கு நெடுங்காலம் முன்பிருந்தே அவ்வூர் மக்கள் பறவைகளைக் காத்துவருகிறார்கள். மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அவை அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கும் அங்கே வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து நீரே தங்கள் வயலுக்கு உரம் என்கிறார்கள். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்ப்போரும் உண்டு. செந்நிறப் பறவையின் ஹதீஸை அவர்களுள் பெரும்பாலோர் கேட்டிருக்க மாட்டார்கள், அதன்படி வாழ்கிறார்கள். நம் பிள்ளைகள் அதைக் கேட்டவர்கள், உண்டிவில் வைத்திருந்தவர்கள். இந்த ஒப்பீட்டை நாம் சொல்லவில்லை. வேனில் திரும்பும்போது ஒரு பிள்ளையே சொன்னான்.

இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளை அன்று கண்டோம். கூழைக்கடாக்களையும் கரண்டிவாயன்களையும் கண்டோம். நம் கவுதாரிப் பிள்ளை கரையிலிருந்த புதரருகே அமர்ந்து ஒரு நாழிகை அசையவில்லை. மற்றவர்கள் பார்க்காத ஏழெட்டுப் பறவைகளைக் குரலை வைத்தே சுட்டிக்காட்டினான். வடநாட்டு முஸ்லிம்கள் கருங்கவுதாரியின் கூவலை 'சுப்ஹான் தேரி குத்ரத்' என்று கேட்பார்கள் என்று அவனிடம் சொன்னோம். "நம்ம கவுதாரியும் ஏதோ தஸ்பீஹ்தான் சொல்லுது, ஹஜ்ரத். நமக்குத்தான் புரியல" என்றான். வானம் பூமியிலுள்ள அனைத்தும் துதிக்கின்றன, அவற்றின் துதியை நீங்கள் அறிவதில்லை என்னும் இறைச்செய்தியை அவன் அறியாமலேயே சொல்லிவிட்டான்.

நெல்லைவாசிகள் கூந்தன்குளம் வரை போக இயலாவிட்டாலும், தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூருக்குச் செல்லலாம். 2005இல் நாட்டிலேயே முதன்முதலாகப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பறவைத் தோப்பு அங்குள்ளது. 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளின் கணக்கெடுப்பும் நடைபெறுகிறது. தன்னார்வலர்களாக மாணவர்களும் கலந்துகொள்கிறார்கள்.

பன்னிரண்டு குஞ்சுகள்

பறவையைப் பார்ப்பதால் வீட்டின் பசி தீராது. அக்குடும்பத்துக்கு உதவ ஜமாஅத்தார் முன்வந்தார்கள். ஆனால் அந்தத் தாய் தயங்கினார். "புள்ளைக்கு வாங்கிப் பழக்கிரக்கூடாது, ஹஜ்ரத்" என்றார். அப்போதுதான் வான்கோழி மீண்டும் பேச்சில் வந்தது. வேட்டையாட இங்கே வான்கோழி இல்லை, வளர்க்கலாம் அல்லவா? சென்னை நந்தனத்து ஆய்வு நிலையத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் நம் நாட்டுச் சூழலுக்கேற்ற இனத்தையே உருவாக்கியிருக்கிறது. ஜமாஅத்தார் கொடுத்த தொகையை விற்றபின் திருப்பித்தரும் அழகிய கடனாக அவர் ஏற்றுக்கொண்டார். ஏப்ரலில் பன்னிரண்டு குஞ்சுகள் வாங்கினோம்.

விலை குறைவென்று ஒருநாள் குஞ்சுகளாக வாங்கியது நம் தவறு. வான்கோழிக் குஞ்சு கோழிக்குஞ்சு போன்றதன்று. தீவனம் முன்னால் இருந்தாலும் தின்னத் தெரியாமல் பட்டினியில் செத்துவிடும். முதல் வாரத்திலேயே மூன்று போயின. அடுத்த வாரம் இரண்டு. கால்நடை மருத்துவர் வழிகாட்டினார். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு, பிறகு வாரந்தோறும் 5 டிகிரி குறைத்தல்; பத்துக் குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டை; குடிநீரில் சிறிது பால்; கண்ணைக் கவர்ந்து கொத்தவைக்கத் தீவனத் தட்டில் வண்ணக் கோலிக்குண்டுகள்.

கோலிக்குண்டு என்றதும் பிள்ளை உள்ளே ஓடினான். உண்டிவில்லுக்காகச் சேர்த்துவைத்திருந்த பையைக் கொண்டுவந்து தட்டில் கொட்டினான். நீலமும் பச்சையுமாக மின்னிய அவற்றைக் குஞ்சுகள் கொத்தின. கொத்தும்போது தீவனமும் அலகில் சேர்ந்தது. மிஞ்சிய ஏழும் பிழைத்தன.

இரவில் பூனை வராமல் காவல் இருந்தான். கீரையும் அகத்தியும் அறுத்துவந்து போட்டான். சுபுஹுக்கு எழுந்தவன் பிறகு தூங்குவதேயில்லை என்று அவன் உம்மா சொன்னார். டிசம்பரில் கிறிஸ்துமஸை ஒட்டிப் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் நான்கு பறவைகளை நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டன. கடன் அடைந்தது, தங்கைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் கொஞ்சம் மிஞ்சியது. அவன் வாப்பாவுக்கும் நிலுவைச் சம்பளத்தில் ஒரு பகுதி வந்திருந்தது. ஒரு சேவலையும் ஒரு பெட்டையையும் அடுத்த தலைமுறைக்கென்று வைத்துக்கொண்டான்.

மிஞ்சிய ஒன்றை வீட்டுக்கென்று அறுக்க முடிவாயிற்று. அறுக்க நம்மை அழைத்தார்கள். கத்தியைத் தீட்டச் சொன்னோம். பறவையின் கண்ணில் படாமல் மறைவில் தீட்டச் சொன்னோம். மற்றப் பறவைகளின் பார்வையிலிருந்து அகற்றித் தண்ணீர் காட்டச் சொன்னோம். கத்தியை அவன் கையில் கொடுத்தபோது பிள்ளை தயங்கினான்.

"கவுதாரிய அடிக்கும்போது கை நடுங்கல, ஹஜ்ரத். இது நடுங்குது."

"கை நடுங்குவது நல்லது. ஓர் உயிரை எடுக்கிறோம் என்பது கைக்குத் தெரிந்திருக்கிறது" என்றோம். அவன் பெயர் சொல்லி, தக்பீர் சொல்லி, ஒரே இழுப்பில் அறுத்தான். அதன்பின் நெடுநேரம் அவன் பேசவில்லை.

அன்று அஸருக்குப் பிறகு நம் வாசலில் ஸலாம் கேட்டது. அதே தூக்குச்சட்டி. "உம்மா குடுத்துவிட்டாங்க, ஹஜ்ரத்." இம்முறை இரண்டு கைகளாலும் வாங்கினோம். "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று முதலில் கேட்டோம். "தங்கச்சிகளுக்கு வச்சுட்டுத்தான் கொண்டாந்தேன்" என்றான்.

பெற்றோருக்கு ஒரு சொல்

அன்பான தாய்மார்களே, தந்தையரே! உங்கள் பிள்ளையின் சட்டைப்பையில் உண்டிவில்லோ கண்ணிக் கயிறோ இருந்தால், அதைப் பறித்து எறிவதற்கு முன் ஏன் எடுத்தான் என்று கேளுங்கள். விளையாட்டானால் ஹதீஸைச் சொல்லுங்கள். சட்டத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆற்றங்கரைக்கும் குளக்கரைக்கும் அழைத்துச் சென்று, கொல்லாமல் பார்க்கும் இன்பத்தைக் காட்டுங்கள். தேவையானால், தேவையைத் தீர்க்கும் வழியைத் தேடுங்கள், ஜமாஅத்தாரிடம் சொல்லுங்கள்.

நம்மைப் போன்று கற்பிக்கும் பணியில் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. 'ஹலால்' என்று சொல்லிவிட்டு, அதன் நிபந்தனைகளைச் சொல்வதற்குள் பாங்கு ஒலித்துவிட்டால், தொழுகைக்குப் பின் பிள்ளைகளைத் திரும்பவும் அமர வையுங்கள். நாம் மூடிவைத்த பக்கத்துக்கு ஒரு கவுதாரி உயிரைக் கொடுத்தது. ஒரு குடும்பம் ஒரு வேளை உணவை இழந்தது.

அறிந்ததை முழுமையாக எடுத்துரைக்கும் பொறுப்பையும், அடுத்த வீட்டு அடுப்பை அறியும் உள்ளத்தையும், தன் படைப்புகள் மீது இரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.